கூற்றும் கேட்போரும்: கவிதையையும் கதைமாந்தரையும் ஆராயப் பழகுதல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் தமிழ்த்தேர்வு எழுதியவர்களுக்கு 'நயம் பாராட்டுக' என்னும் வினா நன்கு பழக்கமானது. கொடுக்கப்பட்ட பாடலின் திரண்ட கருத்தை எழுதி, மையக் கருத்தைச் சுட்டி, மோனை, எதுகை, இயைபு, முரண், அணி, சந்தம் எனத் தலைப்புகளை வரிசையாக இட்டு, ஒவ்வொன்றின் கீழும் பாடலிலிருந்து ஒரு சான்றை எடுத்துவைத்தால் விடை முடிந்துவிடும். அதே மாணவர் கல்லூரியில் இலக்கியத்தையே பாடமாக எடுத்துக்கொண்ட பிறகு, ஒரு காப்பியத் தலைவியின் பாத்திரப் படைப்பை ஆராயுமாறோ, ஒரு நாவலின் நாயகியுடைய பண்புநலன்களை விளக்குமாறோ கேட்கும் வேறொரு வகை வினாவைச் சந்திக்கிறார். அதற்குக் கற்பு, பொறுமை, துணிவு என்று பண்புப்பெயர்களைத் துணைத்தலைப்புகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுகிறார். முதல் விடையில் பாடலைப் பேசியவர் யார் என்பதும், இரண்டாவது விடையில் அந்த மாந்தர் பேசிய மொழி எது என்பதும் விடுபட்டுப் போகின்றன. கவிதையை ஆராய்வதும் கதைமாந்தரை ஆராய்வதும் இரு வேறு திறன்கள் என்ற எண்ணத்தைப் பாடத்திட்டம் இவ்வாறு ஊன்றிவிடுகிறது. தமிழ்க் கவிதையியலின் மிகப் பழைய நூலோ அவ்விரண்டையும் ஒரே செயலாகவே கருதியிருக்கிறது.

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் செய்யுளியல், செய்யுளுக்கு உரிய 34 உறுப்புகளைப் பட்டியலிடுகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி, தொடை என ஒலியையும் யாப்பையும் சார்ந்த உறுப்புகளே முதலில் வருகின்றன. தேர்வுத்தாளின் மோனையும் எதுகையும் தொடை என்ற ஒரே உறுப்புக்குள் அடங்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு வருபவைதான் இங்கே கவனத்துக்கு உரியவை: பேசுபவரைக் குறிக்கும் கூற்று, அப்பேச்சைக் கேட்கும் மாந்தராகிய கேட்போர், பேச்சு நிகழும் சூழலாகிய களன், காலம், பேச்சால் விளையும் பயன், உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் மெய்ப்பாடு, சொல்லப்படாமல் எஞ்சி நின்று படிப்பவரால் நிறைவு பெறும் எச்சம், இந்த இடத்தில் இந்த மொழியைச் சொல்வதற்கு உரியவர் இவர், கேட்பதற்கு உரியவர் இவர் என்று பாடலுக்குள்ளிருந்தே உய்த்துணரச் செய்யும் முன்னம். இவை அனைத்தும் நாடகத்துக்கோ கதைக்கோ உரிய கூறுகளாக இன்றைய மாணவருக்குத் தோன்றக்கூடும். தொல்காப்பியர் இவற்றைச் சீரோடும் அடியோடும் ஒரே வரிசையில் வைத்திருப்பதால், ஒரு பாட்டின் பேசுபவரை அறியாதவர் அதன் யாப்பை அறியாதவரைப் போலவே குறையுள்ள வாசகர் என்றாகிறது.

இந்த உறுப்புகள் எப்படித் தொழிற்படுகின்றன என்பதைக் குறுந்தொகையின் எட்டாம் பாட்டைக் கொண்டு பார்க்கலாம். ஆலங்குடி வங்கனார் பாடிய இந்த மருதத்திணைப் பாட்டு ஆறே அடிகளால் ஆனது. வயலை ஒட்டி நிற்கும் மாமரத்திலிருந்து முற்றித் தானாக உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் பிடித்துக்கொள்ளும் ஊருக்கு உரிய தலைவன், பேசுகிறவளின் இல்லத்துக்கு வரும்போது பெருமொழிகள் பேசுகிறான். தன் இல்லத்துக்குத் திரும்பியதும், எதிரே நிற்பவர் கையையும் காலையும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடி உருவத்தைப் போல, மனைவி விரும்பியதையெல்லாம் செய்கிறான். பாட்டின் பொருள் இவ்வளவே. இதற்கு நயம் எழுதப் புகும் மாணவர் உவமை அணியைச் சுட்டுவார், எதுகையை எடுத்துக்காட்டுவார், மருதநில வருணனையைப் பாராட்டுவார். அத்தோடு நிறுத்தியும் விடுவார்.

பாட்டின் கீழே உரைநடையில் உள்ள துறைக்குறிப்பு, அதாவது பேச்சின் சூழலைச் சொல்லும் சிறு விளக்கம், வேறொரு வாசலைத் திறக்கிறது. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்வியுற்ற காதற்பரத்தை, அத்தலைவியைச் சேர்ந்தவர்களின் காதில் விழும்படி சொன்னது இது என்கிறது அக்குறிப்பு. காதற்பரத்தை என்பவள் தலைவனின் அன்புக்கு உரியவளாயினும் மனைவி என்னும் நிலை பெறாதவள். பேசுபவள் அவள் என்றானதும் பாட்டின் ஒவ்வொரு உறுப்பும் இடம் மாறி நிற்கிறது. மாம்பழம் தானாக உதிர்ந்தது. வாளை மரம் ஏறவில்லை. தலைவனைத் தான் மயக்கி இழுக்கவில்லை, அவனே வந்து விழுந்தான் என்ற வாதத்தை ஊர் வருணனையின் உள்ளேயே அவள் வைத்துவிடுகிறாள். இப்படிக் கருப்பொருள்களின் செயலைக் கொண்டு மாந்தரின் செயலை மறைமுகமாக உணர்த்துவதே உள்ளுறை உவமம் எனப்படுவது. ஆனால் அதே உவமம் அவளுக்கு எதிராகவும் பேசக்கூடியது: மரம் நிற்பது வயலில், வாளைக்குக் கிடைப்பது உதிர்ந்தது மட்டுமே, எது உதிரும் எப்போது உதிரும் என்பதில் அதற்குச் சொல்லுரிமை ஏதுமில்லை. தன் குற்றமின்மையை நிறுவ அவள் எடுத்த படிமமே தன் உரிமையின்மையையும் ஒப்புக்கொண்டுவிடுகிறது. இதை அவள் அறிந்து சொல்கிறாளா, அறியாமல் சொல்கிறாளா என்ற கேள்வியில்தான் அவளுடைய பாத்திரம் பிறக்கிறது.

பாட்டின் கடைசிச் சொற்கள் தலைவியைக் குறிப்பவை. அவள் பெயராலோ மனைவி என்ற முறையாலோ சுட்டப்படாமல் தலைவனுடைய மகனின் தாயாக மட்டுமே சுட்டப்படுகிறாள். இளமையும் ஈர்ப்பும் கடந்து தாயாகிவிட்டவள் என்ற ஏளனம் அதில் உண்டு. மகனைப் பெற்றதால் அவளுக்குக் கிடைத்த, பரத்தைக்கு எந்நாளும் கிடைக்காத பிடிமானத்தின் மீதான பொறாமையும் உண்டு. தலைவனை ஆட்டுவிப்பவள் யார் என்பதைச் சொல்லாமலே கண்ணாடி உருவத்தின் உவமையை முழுதும் விரித்துவிட்டு, ஆட்டுவிப்பவளை இறுதிச் சீர்களில் நிறுத்தும் தொடரமைப்பு இந்த இரட்டை உணர்வுக்கு வழிவிடுகிறது. யாப்பும் தொடரும் மாந்தரின் மனமும் இங்கே பிரித்தெடுக்க முடியாதவை.

கேட்போரை மாற்றிப் பார்ப்பது மாணவர் செய்யத் தக்க நல்ல பயிற்சி. இதே மொழியைத் தலைவனின் முகத்துக்கு நேரே சொன்னாள் என்று கொண்டால் அது ஊடல். தன் தோழியிடம் தனியே சொன்னாள் என்றால் புலம்பல். தலைவியிடமே நேராகச் சொன்னாள் என்றால் சண்டை. தலைவியின் தரப்பினர் கேட்கும்படி, ஆனால் அவர்களை விளிக்காமல் சொன்னாள் என்னும்போதுதான், செய்தி போய்ச்சேர வேண்டும், சொன்னவள் என்ற பொறுப்பும் தன் மீது முழுதாக விழக்கூடாது என்று கணக்கிடும் ஒரு கூர்மையான பெண் கண்முன் வருகிறாள். பண்புநலன் என்ற தலைப்பின் கீழ் 'அறிவுக்கூர்மை' என்று எழுதுவதைவிட இது கடினமான வேலை, ஆனால் மாந்தரை ஆராய்தல் என்பது இந்த வேலைதான்.

துறைக்குறிப்புகளையும் அப்படியே வேதவாக்காகக் கொள்ளத் தேவையில்லை. அவை பாடல்களுக்குப் பிற்காலத்தவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஒரே பாட்டை வெவ்வேறு கூற்றுகளுக்கு எடுத்துக்காட்டாகத் தருவதும் உண்டு. ஆகவே குறிப்பு என்பது முன்னைய வாசகர் ஒருவர் முன்னத்தைக் கொண்டு உய்த்துணர்ந்த விடை. அதை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும், அதை மறைத்துவைத்துவிட்டுப் பாட்டிலிருந்தே பேசுபவரைக் கண்டுபிடிக்க முயன்று, பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவருக்குப் பயன் தரும். உ. வே. சாமிநாதையரின் 1937 ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பு உரையோடும் விளக்கத்தோடும் கையில் இருக்கும்போது, இந்தப் பயிற்சிக்கு வேறு கருவி அதிகம் வேண்டியதில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் செய்த சோதனையும் ஒருவகையில் இத்தகைய மறைப்புதான். கவிஞரின் பெயரை நீக்கிவிட்டுக் கவிதைகளை மாணவரிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துரைகளை அவர் தொகுத்து ஆராய்ந்து, 1929 இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற நூலாக வெளியிட்டார். அவர் வகுத்த இடர்ப்பாடுகளில் முதலாவது, பெரும்பாலான வாசகர்கள் கவிதையின் நேர்ப்பொருளையே பிடிக்கத் தவறினார்கள் என்பது. கவிதையோடு தொடர்பில்லாத சொந்த நினைவுகள் குறுக்கிடுவதும், முன்கூட்டியே உருவாகிவிட்ட உணர்வுகளைக் கவிதையின் மீது ஏற்றிவிடுவதும் அவர் சுட்டிய பிற இடர்கள். நேர்ப்பொருளுக்கு முதலிடம் தருவதில் பதவுரை, பொழிப்புரை என்று தொடங்கும் தமிழ் உரைமரபு அவரோடு ஒத்துப்போகும். ஆயினும் ரிச்சர்ட்ஸ் பெயரை மறைத்தது வாசகரைச் சொற்களோடு தனியே விடுவதற்காக. செய்யுளியலின் வாசகருக்கு அத்தனிமை இல்லை, அவர் ஒரு பேச்சை ஒட்டுக்கேட்கும் இடத்தில் நிறுத்தப்படுகிறார். டி. எஸ். எலியட் 1953 இல் கவிதையின் மூன்று குரல்களைப் பற்றி ஆற்றிய உரையில், கவிஞர் தமக்குள்ளே பேசும் குரல், அவையோரிடம் பேசும் குரல், ஒரு பாத்திரத்தின் வழியாகப் பேசும் குரல் என்று பிரித்துக்காட்டினார். அகப்பாட்டின் குரல் பெரும்பாலும் அந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

1959 இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் வளர்த்தெடுத்த புதுக்கவிதையில் துறைக்குறிப்பு கிடையாது, திணை மரபும் கிடையாது. அங்கே 'நான்' என்று பேசும் குரலைக் கவிஞரோடு ஒன்றாக்கிவிடும் ஆபத்து அதிகம். படைப்பைக் கூறுகூறாகப் பிரித்துக் காணும் அலசல் முறையைச் செல்லப்பா வற்புறுத்தினார், டி. கே. சி. போன்றவர்களின் ரசனை முறையோ பாட்டை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அனுபவிப்பதை முன்னிறுத்தியது. இவ்விரு முகாம்களும் ஒன்றையொன்று மறுத்துப் பேசியவை என்றாலும், பேசும் குரலை அடையாளம் காணாமல் அலசலும் நடக்காது, ரசனையும் நடக்காது.

அகப்பாட்டில் மாந்தரே இல்லை, தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாணன், பரத்தை என்ற வார்ப்புகள்தாம் உண்டு என்று ஒரு மறுப்பு எழக்கூடும். அன்பின் ஐந்திணையில் எவருடைய இயற்பெயரும் சுட்டப்படக்கூடாது என்று அகத்திணையியல் விதிப்பதால் இந்த மறுப்புக்கு இலக்கணத்தின் ஆதரவும் இருப்பதுபோல் தெரிகிறது. இவ்விதி எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு நெடுநல்வாடை சான்று: பிரிந்திருக்கும் அரசியையும் பாசறையில் உள்ள அரசனையும் பாடிய அப்பாட்டில், வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியனின் அடையாளப் பூவாக இருப்பதால், பெயர் சொல்லப்படாவிட்டாலும் தலைவன் இன்னான் என்று தெரிந்துவிடுகிறது என்று கொண்டு அதைப் புறம் என்று வகைப்படுத்தினார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். இ. எம். ஃபார்ஸ்டர் 1927 இல் நாவலைப் பற்றி நிகழ்த்திய உரைகளில் தட்டையான மாந்தர், முழுமையான மாந்தர் என்று பிரித்தார்; ஒரே கருத்தைச் சுற்றி அமைந்தவர் தட்டையானவர், நம்பத்தக்க வகையில் வியப்பூட்டக்கூடியவர் முழுமையானவர். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால் பெயரற்ற காதற்பரத்தை தட்டையானவளாக இருக்க வேண்டும். ஆறு அடிக்குள் தன் உவமையாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்ளும் அவள் அப்படி இல்லை. பெயரும் வரலாறும் நீக்கப்பட்ட இடத்தில், ஒரு கணத்தின் பேச்சு மட்டுமே மாந்தராகிறது.

பெயரும் வரலாறும் உள்ள மாந்தரிடம் இந்த முறை செல்லுமா என்பதற்குச் சிலப்பதிகாரத்தைவிடச் சிறந்த சோதனைக்களம் இல்லை, ஏனெனில் அதன் திருப்புமுனையே ஒரு பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டதில் நிகழ்கிறது. புகார்க் காண்டத்தின் ஏழாவது பகுதியாகிய கானல்வரியில், கடற்கரையில் கோவலன் யாழிசைத்துப் பாடும் பாடல்கள் அகமரபில் அமைந்தவை. பெயரற்ற ஒரு தலைவன் பெயரற்ற ஒரு பெண்ணைப் பற்றிப் பேசுகிறான். மாதவி அதைக் கோவலனுடைய சொந்த மனத்தின் குறிப்பாக எடுத்துக்கொண்டு, தானும் வேறொரு குறிப்பு உடையவளைப் போலப் பாடுகிறாள். 'போல' என்று காப்பியம் தெளிவாகவே சொல்கிறது. கோவலன் அந்தப் 'போல'வைக் கேட்கவில்லை. இவள் மனம் வேறொருவன் மீது என்று முடிவுகட்டிப் பிரிந்து போகிறான். கூற்றுக்கு உரியவர் வேறு, பாடுபவர் வேறு என்ற அகமரபின் முதல் பாடத்தை, கலைகளில் தோய்ந்த இருவருமே அந்த மாலையில் மறந்துவிடுகிறார்கள். (கானல்வரிக்கு அடியார்க்குநல்லாரின் உரை கிடைக்காமல் போனது, காப்பியத்தின் மாணவர்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு.)

அடுத்து வரும் வேனிற்காதையில் மாதவி அனுப்பிய மடலை மறுக்கும் கோவலன், அவள் தன்னிடம் காட்டிய ஊடலையும் கூடலையும் வாட்டத்தையும் ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து, அவை அத்தனையும் வரிக்கூத்தின் வகைகள் என்றும், ஆடல்மகளுக்கு நடிப்பு இயல்புதானே என்றும் சொல்லிவிடுகிறான். கானல்வரியில் பாட்டை வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவன், இங்கே வாழ்க்கையைக் கூத்தாக எடுத்துக்கொள்கிறான். ஒரே வாசகர் இரு திசையிலும் தவறுவதற்கு இதைவிடத் துல்லியமான காட்சி தமிழில் அரிது. மதுரைக் காண்டத்தின் புறஞ்சேரி இறுத்த காதையில்தான் அவன் திருந்திய வாசகனாகிறான். கோசிகமாணி கொண்டுவந்த மாதவியின் இரண்டாவது ஓலையைப் படித்துவிட்டு, தீது அவளுடையது அன்று, தன்னுடையதே என்று உணர்கிறான். அதற்கு மேலும் ஒன்று செய்கிறான். அந்த ஓலையின் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் எழுத வேண்டியதற்கும் பொருந்துவதாகக் கண்டு, அதையே அவர்களிடம் கொண்டுபோகச் சொல்கிறான். பெற்றோரைப் பேணாமல் இரவோடு இரவாக மனைவியுடன் ஊரை விட்டகன்றதைச் சுட்டி மாதவி கோவலனுக்கு எழுதிய சொற்கள், கோவலன் தன் பெற்றோருக்குச் சொல்லும் சொற்களாகின்றன. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை; கூற்றும் கேட்போரும் மட்டும் மாறின, உடனே குற்றத்தை எடுத்துரைத்த ஓலை மன்னிப்புக் கேட்கும் ஓலையாயிற்று. கோவலனின் பாத்திரப் படைப்பை எழுதும் மாணவர் அவனை ஊதாரி என்றும் பின்னர் திருந்தியவன் என்றும் சொல்வது வழக்கம். அவன் பிறர் மொழியைக் கேட்கத் தெரியாதவனாக இருந்து, கேட்கக் கற்றுக்கொண்டவுடன் கொலைக்களம் சென்றவன் என்பது இந்த மூன்று இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் தெரியவரும்.

மாந்தரை ஆராய்வதில் இன்னொரு வழுக்கலும் உண்டு. ஏ. சி. பிராட்லி 1904 இல் ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களைப் பற்றி எழுதிய நூல், நாடக மாந்தரை உயிருள்ள மனிதர்களைப் போலவே எடுத்துக்கொண்டு அவர்களுடைய மனத்தை நுணுகி ஆராய்ந்தது. அந்தப் போக்கைப் பகடி செய்யும் வகையில் எல். சி. நைட்ஸ் 1933 இல், மக்பெத் சீமாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நூலில் இல்லாத வாழ்க்கையைக் கற்பிப்பது ஆய்வாகாது என்பதே அவருடைய வாதம். தமிழ் வகுப்பறைகளில் கண்ணகி ஏன் முன்பே கேள்வி கேட்கவில்லை என்று நடக்கும் பட்டிமன்றங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. நூல் தருவது வேறு: புகார்க் காண்டத்தில் கண்ணகி பேசும் இடங்கள் மிகச் சில, மதுரை அரசவையிலோ அவள் நகரை எரிக்கும் அளவுக்குப் பேசுகிறாள். அந்த ஏற்றத்தாழ்வைத் தொல்காப்பியம் சொல்லும் எச்சமாக, நிரப்பப்பட வேண்டிய மௌனமாக, ஆராய முடியும். ஆனால் அதை நிரப்ப வேண்டியது நூலுக்குள் உள்ள சொற்களைக் கொண்டுதான். பிராட்லியைப் பகடி செய்வது எளிதாயினும், அவர் அளவுக்கு நாடகத்தின் சொற்களை உன்னிப்பாகக் கேட்டவர்கள் அவரைப் பகடி செய்தவர்களிலும் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உரைநடைப் புனைகதையிலும் கேட்போர் என்ற உறுப்பு தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழைநாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் கல்லூரி மாணவி நடந்ததைச் சொன்னதும் தாய் அலறுகிறாள். ஆனால் அரவம் கேட்டு விசாரிக்கும் அண்டை வீட்டாரிடம், மகள் மழையில் நனைந்து வந்ததற்காகத் தான் கடிந்துகொண்டதாகச் சமாளித்துவிடுகிறாள். பிறகு மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, அவள் தூய்மையாகிவிட்டதாகச் சொல்கிறாள். 1972 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் அதே நிகழ்ச்சியிலிருந்து புறப்பட்டு வேறு வழியில் செல்கிறது: அங்கே தாயின் கூக்குரலை எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள், அண்ணன் தங்கை கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான், அவளுடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு குரலால் தீர்மானிக்கப்படுகிறது.

இரு தாய்மாரும் மகளை நேசிப்பவர்கள், ஊருக்கு அஞ்சுபவர்கள், வைதீகக் கட்டுக்குள் வளர்ந்தவர்கள். பண்புநலன்களைப் பட்டியலிடும் விடைத்தாளில் இருவருக்கும் ஒரே பட்டியல்தான் வரும். ஒருத்தி தன் அலறல் யார் காதில் விழுகிறது என்பதை உரிய நேரத்தில் உணர்ந்து கேட்போருக்கு ஏற்ப மொழியை மாற்றினாள், மற்றவள் மாற்றவில்லை என்ற ஒரே வேறுபாட்டில் இரு கதைகளும் பிரிகின்றன. ஜெயகாந்தன் இதை முழுதும் அறிந்தே செய்திருக்கிறார் என்பதற்கு, அந்தச் சிறுகதையை நாவலுக்குள்ளேயே ஒரு பத்திரிகைக் கதையாக வைத்து, அதைக் கங்காவும் அவளுடைய தாயும் படிக்கும்படி அவர் அமைத்திருப்பதே போதிய சான்று. தான் சொல்லியிருக்கக்கூடிய, சொல்லாமல் விட்ட மொழியை வேறொரு தாயின் கூற்றாக அச்சில் படிக்கும் அந்தத் தாயை எந்தப் பண்புத் தலைப்பின் கீழ் வைப்பது என்பது, இந்நாவலைப் பாடமாகப் படிக்கும் மாணவருக்கு உரிய கடினமான வினா.